முகவருக்கு எழுதும் குறிப்பு

கடந்த விடுமுறையில் உம்மா என் தம்பியின் கையில் ஒரு துண்டைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பினார். "பால்மா ஒரு பக்கட்" என்று மட்டுமே அதில் எழுதியிருந்தது. தம்பி ஒரு கிலோ பக்கட்டை வாங்கி வந்தான். உம்மாவுக்குத் தேவைப்பட்டதோ 400 கிராம். ஏச்சு தம்பிக்குக் கிடைத்தது. ஆனால் தவறு துண்டில் இருந்தது. இதே பிரச்சினை இன்று கணினித் துறையிலும் பெரிதாகப் பேசப்படுகிறது.

முகவர் என்றால் என்ன?

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கேள்வி கேட்டால் பதிலை எழுதித் தரும் என்பதை நாம் அறிவோம். செயற்கை நுண்ணறிவு முகவர் அதைவிட ஒரு படி மேலே சென்று, நமக்காக ஒரு வேலையைச் செய்து முடிக்க முயலும். கோப்பைத் திறத்தல், தரவுத்தளத்தில் தேடுதல், பயணச்சீட்டை மாற்றுதல் போன்ற செயல்களுக்காக அதற்கு மென்பொருள் கருவிகள் வழங்கப்படுகின்றன. ஒரு கருவியின் உள்ளே நடப்பது பெரும்பாலும் முகவருக்குத் தெரியாது. கருவியின் பெயர், அது செய்யும் வேலை பற்றிய விளக்கம், அதற்குக் கொடுக்க வேண்டிய விபரங்கள் ஆகியவற்றை வாசித்தே அது முடிவெடுக்கிறது.

2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் 'மொடல் கொன்டெக்ஸ்ட் புரோட்டோகோல்' என்ற திறந்த நியமத்தை வெளியிட்டது. கருவிகளை முகவர்களுடன் இணைப்பதற்கான பொதுவான முறை அது. அதன்படி ஒருவர் உருவாக்கிய கருவியை வேறு பலரின் முகவர்களும் பயன்படுத்தலாம். ஆகவே ஒரு விளக்கத்தில் உள்ள குறையும் பல இடங்களுக்குப் போய்ச் சேரும்.

கணினி இல்லாமல் ஒரு பரிசோதனை

இதை விளங்கிக்கொள்ள என் தோழியர் மூவரை முகவர்களாக்கினேன். ஒரு அட்டையில், "நூலைப் பதிவு செய்யும் கருவி. திகதி தேவை" என்று எழ்தினால் போதும் என நினைத்து அவ்வாறே எழுதிக் கொடுத்தேன். ஜூலை 3 ஆம் திகதிக்கு ஒரு நூல் வேண்டும் என்பதே வேலை. ஒருத்தி 03/07 என்றும் மற்றவள் 07/03 என்றும் எழுதினர். மூன்றாமவள், "பதிவு என்றால் நூலகத்துக்கு வந்த புதிய நூலைச் சேர்ப்பதுதானே?" என்று கேட்டாள். மூவரும் கெட்டிக்காரிகள். என் அட்டைதான் சரியில்லை.

பிறகு இவ்வாறு மாற்றினேன்: "நூலை ஒதுக்கும் கருவி. நூலகத்தில் ஏற்கெனவே உள்ள நூலை ஒரு மாணவியின் பெயரில் ஒதுக்கும். புதிய நூலைச் சேர்க்க இதைப் பயன்படுத்தக் கூடாது. நூலின் இலக்கமும் மாணவியின் அனுமதி இலக்கமும் தேவை. திகதியை 2025-07-03 என்ற வடிவில் எழுதுக." இம்முறை மூவரும் ஒரே விடையைத் தந்தனர்.

நல்ல விளக்கத்தில் இருக்க வேண்டியவை இதிலிருந்து தெரிகின்றன: கருவி என்ன செய்யும், எப்போது அதைப் பயன்படுத்தக் கூடாது, விபரங்களை எந்த வடிவில் தர வேண்டும். பிழைச் செய்தியும் அப்படியே. "பிழை" என்று மட்டும் சொன்னால் முகவர் அதே தவறைத் திரும்பச் செய்யலாம். "திகதி வடிவம் தவறு, ஆண்டு, மாதம், நாள் என எழுதுக" என்றால் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

சில வேளை கருவியையே மாற்ற வேண்டும். அந்த்ரோபிக் நிறுவனத்தின் முகவர் ஒன்று, கோப்புறை மாறிய பின்னர் கோப்பின் பாதையைப் பிழையாகக் கொடுத்தது. எப்போதும் முழுப் பாதையையே கொடுக்க வேண்டும் என்று கருவியை மாற்றியதும் அந்தத் தவறு நின்றது.

எப்படி மதிப்பிடுவது?

"வேலையை முடித்துவிட்டேன்" என்று முகவர் சொல்வது போதாது. 2024 இல் வெளியான 'டௌ-பெஞ்ச்' என்ற சோதனை, முடிவில் தரவுத்தளத்தில் இருப்பது இருக்க வேண்டியதுடன் பொருந்துகிறதா என்று பார்க்கிறது. அதில் ஜிபிடி-4ஓ மொடல் பாதிக்கும் குறைவான வேலைகளையே சரியாகச் செய்தது. சில்லறை விற்பனைப் பிரிவில், ஒரே வேலையை 8 தடவை கொடுத்தபோது எட்டுத் தடவையும் சரியாகச் செய்தவை 25 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு தடவை சரியாக வந்ததை நம்பி ஒரு கருவியை நல்லது என்று சொல்ல முடியாது என்பதே இதன் பாடம். பல தடவை, பல விதமான வேலைகளைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். எங்கே பிழைத்தது என்று படித்து, விளக்கத்தைத் திருத்தி, மீண்டும் சோதிக்க வேண்டும்.

நாளை முகவர்கள் நமது பயணச்சீட்டையும் பணத்தையும் மருந்துப் பட்டியலையும் கையாளலாம். அங்கே ஒரு சொல் தெளிவில்லாமல் போனால் நட்டம் முகவருக்கு அல்ல, ஒரு மனிதருக்கே. எனவே கணினி படிக்கும் மாணவிக்கு நிரலாக்கத்தைப் போலவே தெளிவாக எழுதும் பழக்கமும் வேண்டும். அதை மொழிப் பாடத்தில்தான் கற்கிறோம்.

இப்போது உம்மாவின் துண்டில், "பால்மா 400 கிராம் ஒன்று. இல்லாவிட்டால் வாங்காமல் திரும்பி வா" என்று இருக்கிறது. தம்பிக்கு ஏச்சு விழுவதில்லை.