கத்திரி வருமுன் லேப்டாப்பை மடியிலிருந்து இறக்குங்கள்

மரக்காணம் உப்பளங்களில் வாரிய உப்பு குவியல் குவியலாகக் கிடக்கிறது. மே 4 வாக்கில் கத்திரி வெயில் தொடங்கிவிடும். ப்ராஜெக்ட், பரீட்சை, கல்லூரி விண்ணப்பம் என்று வீட்டு லேப்டாப் ஓயாமல் ஓடுவதும் இந்த நாட்களில்தான். தகரக் கூரைக்குக் கீழே கட்டிலில் சாய்ந்து, மடியில் வைத்து வேலை பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெரும்பாலான லேப்டாப்புகள் அடிப்பக்கத் துளைகள் வழியாகக் காற்றை இழுத்து, பக்கவாட்டிலோ திரையின் அடியிலோ வெளியே தள்ளுகின்றன. லுங்கி, நைட்டி, தலையணை எது அந்தத் துளைகளை அடைத்தாலும் சூடு உள்ளேயே சுற்றும். ஃபேன் இரையும். ப்ராசஸர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். "திடீர்னு மெதுவாயிடுச்சு" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

பரீட்சை அட்டையை அடியில் கொடுத்தால் போதுமா? லேப்டாப்புக்குப் போதும். ஆண்களுக்குப் போதாது. நியூயார்க் ஸ்டோனி புரூக்கில் எஃபிம் ஷெய்ன்கின் குழுவினர் 29 ஆண்களை வைத்துச் சோதித்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், லேப்டாப்பை மடியில் வைத்த ஒரு மணி நேரத்தில் விரைப்பையின் சூடு 2.6 முதல் 2.8 டிகிரி வரை ஏறியது. 2011-ல் வந்த அடுத்த ஆய்வில், கால்களைச் சேர்த்து உட்கார்ந்தவர்களுக்கு 11 நிமிடத்திலேயே 1 டிகிரி கூடிவிட்டது. பலகை வைத்தும் 14 நிமிடம்தான் தாங்கியது. தினமும் ஒரே இடத்தில் சூடு பட்டால், ஆண் பெண் யாருக்கும் தொடைத் தோலில் வலை பின்னியதுபோலக் கருஞ்சிவப்புத் தழும்பு விழலாம். அதனால் தரையில் மணைக்கட்டையைப் போட்டு அதன்மேல் வையுங்கள், அல்லது ஸ்டூல்மேல். பின்பக்கம் இரண்டு ரப்பர் அழிப்பான்களைக் கொடுத்துத் தூக்கிவிட்டால் ஃபேன் இரைச்சல் தணிவது காதுக்கே தெரியும்.

இந்தக் கரையில் இன்னொரு தொல்லை உண்டு. பிற்பகலில் கடல்காற்று திரும்பியதும் உப்புத் துகளும் கூடவே வீட்டுக்குள் வருகிறது. சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கசியத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே நசநசக்கும். அடுப்படி உப்பு ஜாடிக்கு நடப்பதுதான் ஃபேனுக்குள்ளும் நடக்கிறது: பகலில் சேரும் தூசி, ராத்திரி ஈரத்தில் களிம்பாகிறது. என் பழைய லேப்டாப்பைத் திறந்தபோது, காற்று வெளியேறும் தகட்டு இடுக்குகளில் சாம்பல் நிறக் கம்பளித்துண்டுபோல ஒரு படலம் அடைத்திருந்தது. ஸ்க்ரூ தலைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. விரலில் ஒட்டியதில் பிசுபிசுப்பு. அதைப் பார்த்த பிறகுதான் அதன் ஃபேன் ஏன் அப்படிக் கத்தியது என்று புரிந்தது.

கத்திரிக்கு முன்னால் ஒருமுறை உங்கள் லேப்டாப்பைச் சுத்தம் செய்துவிடுங்கள். அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் துளைகளைத் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். வாங்கி மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தால் கடையில் கழற்றித் துடைத்து, ப்ராசஸர்மேல் தெர்மல் பேஸ்ட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். கடல்காற்று பலமாக வீசும் சாயங்காலத்தில் கிழக்கு ஜன்னலோரம் உட்கார வேண்டாம். வேலை முடிந்ததும் அணைத்து, சூடு ஆறிய பின், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பைக்குள் வையுங்கள். சூடு தணிக்க ஈரத்துணி போடுவது கூடவே கூடாது.

சீரான இரைச்சல் என்றால் பயமில்லை. கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் தேய்கிறது, ஃபேனை மாற்ற வேண்டும். சூடு கொதித்தும் ஃபேன் சத்தமே இல்லையென்றால் உடனே அணைத்துவிடுங்கள். டச்பேட் மேலெழும்பினாலோ அடிப்பாகம் புடைத்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது; சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, மறுநாளே கடைக்குக் கொண்டுபோங்கள்.