ஆயிரம் படம், ஒரே மனசு

இந்த மாதப் பாடம் கவனம் பற்றியது. கவனம்னு பொதுவாகப் பேசினால் மண்டையில் ஏறாது. அதனால் எனக்குத் தெரிந்த ஒரு வேலையை வைத்துச் சொல்கிறேன். நான் பொறியியல் மாணவன். கைச்செலவுக்காக, ஃபேரர் பார்க்கில் இருக்கும் எங்கள் வீவக வீட்டிலிருந்தே கல்யாணப் படங்களைத் திருத்திக் கொடுக்கிறேன்.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்யூட் பிரேக்கர் நடப்பில் இருந்தபோது நம்ம ஊர் அலுவலகங்கள் வீட்டுக்குள் வந்தன. அப்புறம் முழுசாகத் திரும்பிப் போகவே இல்லை. நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளைக் கேட்பதற்கான முத்தரப்பு வழிகாட்டி 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும் இந்தப் பாடம் உதவும்.

கவனம் போனால் என்ன போகும்?

ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் படம் என்று வைத்துக்கொள்வோம். நானூறாவது படத்தில் மனசு அலுத்துவிடும். அப்போது கை தானாக ஸ்லைடரை இழுக்கும். முதலில் அடி வாங்குவது முகம்தான். மாநிறப் பெண் வெளுத்துப் போவார். அவர் அம்மா கடை கடையாய் ஏறித் தேடிய அரக்குப் பட்டு வெறும் சிவப்பாகிவிடும். அந்தக் குடும்பம் ஐம்பது வருஷம் பார்க்கப்போகிற ஆல்பம் அது. நம் கவனக்குறைவால் அந்தப் பெண்ணின் சொந்த நிறமே அதில் இல்லாமல் போகலாமா?

கீதை தரும் இரண்டு கருவிகள்

கீதையின் 6ஆம் அத்தியாயத்தில், மனதை அடக்குவது காற்றை அடக்குவது போலக் கஷ்டம் என்கிறான் அர்ஜுனன். கண்ணன் அவனைத் திட்டவில்லை. கஷ்டம்தான் என்று ஒத்துக்கொண்டு, அப்யாசம், வைராக்கியம் என்று இரண்டு வழி காட்டுகிறான். திரும்பத் திரும்பச் செய்வது ஒன்று, வேண்டாததை விடுவது இன்னொன்று.

அப்யாசம்: தினமும் செய்ய வேண்டியது

1. ஒரு நேரத்தில் ஒரு வகை வேலை. முதலில் படங்களைத் தேர்வு செய்யுங்கள். அடுத்து எல்லாவற்றுக்கும் வெளிச்சம், நிறம். கடைசியில் முகத் திருத்தம். வேலை மாறும்போது பழைய வேலையின் மிச்சம் மனதில் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பதை சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கியிருக்கிறார்.

2. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. இது 1980களின் கடைசியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரத்தை வைத்துத் தொடங்கிய முறை. ஓய்வில் போனைத் தொடாதீர்கள். ஜன்னல் வழியே தூரத்தில் பாருங்கள், கண் தளரும்.

3. ஒரே வெளிச்சம். சாயங்கால வெயிலுக்கும் மஞ்சள் பல்புக்கும் நம் கண் தன்னைப் பழக்கிக்கொள்ளும், திரையோ அப்படியே இருக்கும். அதனால் காலையில் சரியாகத் தெரிந்த நிறம் இரவில் தப்பாகத் தெரியும். திரைச்சீலையை இழுத்துவிட்டு, தினமும் ஒரே விளக்கைப் போடுங்கள். திரையின் வெள்ளையை 6,500 கெல்வினில் நிறுத்துவது வழக்கம். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியை வேலை நேரத்தில் அணைத்துவிடுங்கள்.

வைராக்கியம்: விட வேண்டியது

1. போன் வேற ரூமில் இருக்கட்டும். மேசையில் கவிழ்த்து வைத்தாலும் கை அதைத் தேடும்.

2. நடுராத்திரியில் நிறத்தை முடிவு செய்யாதீர்கள். கோப்புகளை அடுக்குவது, பிரதி எடுத்து வைப்பது போன்ற வேலைகளை இரவில் செய்யலாம். முகங்களைக் காலையில் புதுக் கண்ணோடு பாருங்கள்.

3. எல்லா வேலைக்கும் சரி சொல்லும் பழக்கத்தையும் விடுங்கள். எங்கள் வட்டாரத்தில் தைப்பூசம் என்றால் ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் கிளம்பி, தேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போகும். அந்த நாளில் படம் தருவதாக வாக்குக் கொடுத்தால் வேலையும் நடக்காது, சாமி கும்பிட்ட மாதிரியும் இருக்காது. நாள்காட்டியைப் பார்த்துவிட்டு வாக்குக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வைராக்கியம் என்றால் வீட்டாரை விடுவது இல்லை. அம்மா கூப்பிடும்போது எரிந்து விழுவதைவிடக் காலையிலேயே சொல்லிவிடலாம்: “அம்மா, பத்திலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் வேலை இருக்கு. முடிச்சிட்டு நானே தேக்காவுக்குப் போய் காய் வாங்கிட்டு வர்றேன்.” சொன்னபடி போய் வாங்கியும் வர வேண்டும். அப்போதுதான் அடுத்த நாளும் அந்த இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

குழுவில் பேச

உங்கள் கவனக்குறைவால் நஷ்டப்படுவது யார்? அவர் பெயரை மனதில் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் படிப்பிலோ வேலையிலோ அப்யாசத்துக்கு ஒன்று, வைராக்கியத்துக்கு ஒன்று எது? இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஏழு நாள் செய்து பாருங்கள்.

நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள். மனசு ஓடுவது இயல்பு. ஒவ்வொரு தடவையும் அதைத் திரும்ப அழைத்து வருவதற்குப் பெயர்தான் அப்யாசம்.