தரைக்கு அடியில்

வீட்டில் ஆக அதிகமாக உழைக்கும் அறை குளியலறைதான். வரவேற்பறை ஆண்டு முழுவதும் உலர்ந்தே இருக்கிறது. குளியலறையோ ஒரு நாளில் பலமுறை நனைகிறது. 1970களில் கட்டப்பட்ட வீவக வீடு ஒன்றில் அந்தத் தரை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக நனைந்து வந்திருக்கும். கற்களுக்கு இடையிலுள்ள பூச்சு உதிர்வதும், கீழ்வீட்டு உட்கூரையில் பழுப்புநிறக் கறை படிவதும் வியப்பில்லை.

குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் பழைய மூவறை வீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சமையலறையின் கோடியில் கழிவறையும் குளியலறையும் அடுத்தடுத்து இருக்கின்றன. வீட்டில் அப்பா, அம்மா, உயர்நிலைப்பள்ளியில் படிக்கும் மகன், 74 வயதுப் பாட்டி ஆகியோர் வசிக்கிறார்கள். குளியலறையைப் புதுப்பிக்க முடிவு செய்ததும், அம்மா கடையிலிருந்து வெள்ளை நிறப் பளபளப்புக் கல் ஒன்றை மாதிரிக்குக் கொண்டுவருகிறார். பாட்டி அதை விரலால் தடவிப் பார்க்கிறார்.

“அழகாகத்தான் இருக்கு, அம்மாடி. ஆனா, சோப்புத் தண்ணியில நான் இதுமேல நடக்கணுமே!”

பாட்டியின் கவலை நியாயமானது. முதிய வயதில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பலரால் அதன்பிறகு முன்போல் தனியாக நடமாட முடிவதில்லை. எனவே, சுவருக்குப் பளபளப்பான கல்லும் தரைக்குச் சொரசொரப்பான கல்லும் பொருத்துவதே விவேகம். கழிவறையிலும் குளிக்கும் இடத்திலும் கைப்பிடிக் கம்பிகள் வேண்டும். துண்டு தொங்கவிடும் கம்பியைக் கைப்பிடியாக நினைத்துவிடக் கூடாது. அது ஈரத்துண்டின் எடையைத் தாங்கும். தடுமாறும் மனிதரின் எடையைத் தாங்காது.

இத்தகைய வசதிகளுக்காகவே 2012ஆம் ஆண்டில் ‘ஈஸ்’ எனப்படும் மூத்தோருக்கான மேம்பாட்டுத் திட்டம் அறிமுகமானது. 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுடைய சிங்கப்பூரர் வசிக்கும் வீவக வீடுகள் இதற்கு விண்ணப்பிக்கலாம். கைப்பிடிக் கம்பிகள் பொருத்துதல், தரை வழுக்காமல் இருக்க மருந்து பூசுதல் போன்றவற்றுக்கான செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கிறது. மூவறை வீட்டுக்கு அது 95 விழுக்காடு.

அடுத்து எழும் கேள்வி: பழைய தரைக்கற்களை உடைத்து எடுப்பதா, அவற்றின் மேலேயே புதிய கற்களை ஒட்டுவதா? ஒட்டினால் இரைச்சல் குறைவு. வேலையும் விரைவில் முடியும். ஆனால், தரையின் உயரம் கூடும். அப்போது குளியலறைத் தண்ணீர் சமையலறைக்குள் எட்டிப் பார்க்கும். தரைப்பூச்சும் கல்லும் சேர்ந்து 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற வீவக விதியும் உண்டு. உடைப்பதானால், வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே உடைக்கலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் அனுமதி இல்லை. இரவு வேலை முடிந்து பகலில் உறங்கும் அண்டைவீட்டாருக்கு இந்த விதியாலும் பயனில்லை. அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

உடைக்கும்போது கற்களோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விடுகிறது. அது, தண்ணீர் கசியாமல் தடுக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு. கடையில் கற்களைத் தேர்ந்தெடுக்கும்போது யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வேலை முடிந்தபின் அதைப் பார்க்கவும் முடியாது. இருந்தாலும், என்னைக் கேட்டால், முதலில் பணம் ஒதுக்க வேண்டியது அதற்குத்தான். பூச்சு தரையில் மட்டுமன்றிச் சுவரின் அடிப்பகுதியிலும் ஏற வேண்டும். மூலைகளிலும் குழாயைச் சுற்றியும் கூடுதல் கவனம் தேவை. பெரும்பாலும் தண்ணீர் கசிவது அந்த இடங்களில்தான்.

பூச்சு காய்ந்த பிறகு தண்ணீர்ச் சோதனை நடைபெறும். தரையிலுள்ள வடிகால் துளையை அடைத்து, தரை மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிரப்பி, வழக்கமாக 24 மணி நேரம் அப்படியே விட்டுவிடுவார்கள். முடிவை மேலே நின்று தெரிந்துகொள்ள முடியாது. கீழ்வீட்டுக்குப் போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். உட்கூரையில் கசிவு ஏற்பட்டால், அதைச் சரிசெய்வது மேல்வீட்டார், கீழ்வீட்டார் இருவரின் பொறுப்பு. ஆகவே, இந்தச் சோதனையில் கீழ்வீட்டாருக்கும் அக்கறை உண்டு.

மறுநாள் மாலை அப்பாவும் மகனும் கீழ்மாடிக்குச் சென்று கதவைத் தட்டுகிறார்கள். கீழ்வீட்டு மலாய்க்காரப் பாட்டி ஏற்கெனவே குளியலறை விளக்கைப் போட்டு வைத்திருக்கிறார். மூவரும் உட்கூரையின் நான்கு மூலைகளையும் பார்க்கிறார்கள். ஈரம் இல்லை. தரையில் கற்களைப் பதிக்கும் வேலையை இனித் தொடங்கலாம்.