டி.என்.ஏ. முளைவகைகளும் அவற்றின் வேற்றுமைகளும்

வன்னி வயல்களில் அறக்கொட்டி எனப்படும் கபிலநிறத் தத்தி பெருகுமாயின் பசும்பயிர் எரிந்தாற்போலக் காய்ந்துவிடும் என்பதை உழவர் மனையிற் பிறந்த நம் மாணவர் நன்கறிவர். இப்பூச்சியை எதிர்க்கும் ஆற்றல் இலங்கையின் மரபு நெல்லாகிய ரத்து ஹீனட்டிக்கு உண்டு. அவ்வாற்றலுக்குரிய மூன்று பரம்பரையலகுகள் நான்காம் நிறமூர்த்தத்தில் ஒருங்கே அமைந்திருத்தலைச் சீன ஆய்வாளர் 2015இல் கண்டு, அவற்றை முளைவகையாக்கினர். முளைவகை என்பது யாது? அஃது எத்தனை வகைத்து? இவை ஈண்டு ஆராயற்பாலன.

டி.என்.ஏ.யின் துண்டொன்றைக் காவியில் இணைத்துப் பற்றீரியாவினுட் செலுத்தினால், பற்றீரியா பெருகுந்தோறும் அத்துண்டும் பெருகும். இங்ஙனம் பெறப்படும் ஒத்த படிகளே முளைவகை எனப்படும். 1973இல் கோஹன், போயர் என்போர் செய்த சோதனைகள் இம்முறைக்கு அடிகோலின.

மூலப்பொருள் பற்றி முளைவகை இருதிறப்படும். நிறமூர்த்த டி.என்.ஏ.யை நொதியத்தால் துண்டித்துப் பெறுவது மரபுத்தொகுதி முளைவகை. பரம்பரையலகை இயக்கும் பகுதியும், புரதத்துக்கு உதவாத இடைத்துண்டுகளும் இதில் அடங்கும். தூது ஆர்.என்.ஏ.யைப் பார்த்து எதிர்ப்படியாக எழுதிப் பெறுவது நிரப்பு முளைவகை. இதற்கு வேண்டிய நொதியத்தை 1970இல் தெமின், போல்ற்றிமோர் இருவரும் தனித்தனியே கண்டனர். இம்முளைவகையில் இயக்கும் பகுதியும் இல்லை, இடைத்துண்டும் இல்லை. அன்றியும், இலையிலிருந்து எடுத்த தொகுதியும் வேரிலிருந்து எடுத்த தொகுதியும் ஒன்றாகா. அவ்வவ்விடத்து அவ்வேளையில் தொழிற்படும் பரம்பரையலகுகளே அவற்றிற் காணப்படும்.

இரணைமடுவை உவமை கொள்வோம். வயலிற் பாய்ந்த நீரை மாத்திரம் காட்டுவது நிரப்பு முளைவகை. குளக்கட்டு, துருசு, வாய்க்கால் அனைத்தையும் காட்டுவது மரபுத்தொகுதி முளைவகை.

ஆகவே, நோக்கத்துக்கேற்ப வகையைத் தெரிதல் வேண்டும். பற்றீரியா இடைத்துண்டுகளை வெட்டி நீக்கவல்லதன்று. எனவே அதனுட் பயிரின் புரதத்தை ஆக்க விழைவோர் நிரப்பு முளைவகையையே கொள்வர். பரம்பரையலகு எப்போது, எங்கே இயங்குகின்றது என்று ஆராய்வோர்க்கும், நிறமூர்த்தத்தில் அதன் இடத்தை மட்டும் அறிந்து தேடுவோர்க்கும் மரபுத்தொகுதி முளைவகையே துணை. காவியும் வேறுபடும். நிரப்பு முளைவகை பெரும்பாலும் குறுகியதாதலின் ஏறத்தாழ 10,000 எழுத்துவரை தாங்கும் பிளாஸ்மிட் அதற்குப் போதும். நீண்ட துண்டுகளுக்கு 1992இல் அமைக்கப்பட்ட பற்றீரியாச் செயற்கை நிறமூர்த்தம் ஏற்றது. அது 1 முதல் 3 இலட்சம் எழுத்துவரை தாங்கும்.

எனினும், மாணவர் ஒன்றை மறத்தலாகாது. இருவகை முளைவகைக்கும் முதல் உயிருள்ள வித்தேயாம். ரத்து ஹீனட்டியை நம் முன்னோர் பேணாது விட்டிருப்பின், 2015இல் ஆய்வாளர் தேடிக் காண அதில் ஏதும் எஞ்சியிராது. ஆதலின், மரபு நெல்லைக் காத்தல் உழவர்க்கு மட்டுமன்று, ஆய்வுகூடத்தார்க்கும் உரிய கடனாம்.