பிறழ்ந்து பிறக்கும் இதயத் தமனி

உடலுறுப்புக்கள் அனைத்திற்கும் குருதியை வழங்குவது இதயம் என்பதை யாவரும் அறிவோம். அவ்விதயத்தின் தசைக்கும் குருதி வேண்டுமன்றோ? அதனை ஊட்டுவன கரோனரித் தமனிகள் என்னும் இரண்டு குழாய்கள். இவை பெருந்தமனியின் அடியில் வலமும் இடமுமாகத் தோன்றி, இதயத்தின்மேற் படர்ந்து கிளைக்கின்றன. ஏறக்குறைய 3,00,000 குழந்தைகளுள் ஒன்றிற்கு இடத்தமனி ஆண்டுத் தோன்றாது, நுரையீரல் தமனியினின்று தோன்றிவிடுகின்றது என்பர். இப்பிறழ்ச்சியைக் கண்டறியும் வகையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இக்குறையுடைய குழந்தை பிறந்தவுடன் தீங்கு யாதும் புலப்படுவதில்லை. அப்பொழுது நுரையீரற் குழாய்கள் இறுகியிருத்தலால் நுரையீரல் தமனியில் அழுத்தம் மிகுந்திருக்கும். பிராணவாயு குறைந்த குருதியேயாயினும், அவ்வழுத்தத்தால் இடத்தமனியுட் பாயும். வாரங்கள் சில கழிய, அழுத்தம் தணிகின்றது. பின்னர், வலத்தமனியினின்று சிறு கிளைகளின் வழியே இடத்தமனியை அடையும் குருதி, தசைக்குப் போதிய அளவு பயன்படாமல், அழுத்தங் குறைந்த நுரையீரல் தமனிக்கே வடிந்துவிடுகின்றது. வாய்க்காலில் வந்த நீர் வயலிற் பாயாது, உடைந்த கரைவழியே ஓடையிற் கலந்தாற்போல் என்க.

பால் குடித்தலே பச்சிளங் குழந்தைக்குப் பெருமுயற்சியாகும். ஆதலின் அது குடிக்கும்போதே வியர்த்து, வெளிறி, மூச்சிரைத்து அழும். தாய் அதனை வயிற்றுவலியென எண்ணுதலும் உண்டு. மருத்துவஞ் செய்யாவிடின் இக்குழந்தைகளுட் பெரும்பாலன ஓராண்டு நிறையுமுன்னரே இறந்துபடும்.

குருதி திசைமாறி ஓடும் இச்செய்தியை, 1885-ஆம் ஆண்டிலேயே இறந்தார் உடலை அறுத்தாய்ந்த புரூக்ஸ் என்னும் அறிஞர் உய்த்துணர்ந்தார். 1933-ஆம் ஆண்டில் பிளாண்ட், ஒயிட், கார்லண்ட் என்னும் அமெரிக்க மருத்துவர் மூவர், ஒரு குழந்தையின் நோய்க்குறிகளையும் ஈ. சி. ஜி. பதிவையும் இணைத்து விளக்கினர். உயிரோடிருக்கும் குழந்தையின் இதயத்தை ஊறின்றிக் காணும் வழி, 1953-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் எட்லரும் ஹெர்ட்ஸும் தொடங்கிய ஒலியலைச் சோதனையாற் பிறந்தது. இன்று அதனை எக்கோ என வழங்குகின்றோம்.

எனினும், எக்கோவிலும் மயங்குதற்கு இடமுண்டு. இடக் கீழறை விரிந்து தளர்ந்திருத்தலைக் கண்டு, இது தசையின் நோயேயென முடிவுசெய்தல் எளிது. பெருந்தமனியின் அருகிலுள்ள ஓர் உறைமடிப்பு, இடத்தமனி உரிய இடத்திற் பொருந்தியிருப்பதுபோற் காட்டுதலும் உண்டு. இம்மயக்கத்தைத் தீர்ப்பது குருதியின் திசையே. கருவியை நோக்கி வருங் குருதியைச் சிவப்பாகவும், விலகிச் செல்வதை நீலமாகவும் காட்டும் நிறச் சோதனையால், இடத்தமனியின் குருதி நுரையீரல் தமனியை நோக்கிச் செல்லுதல் வெளிப்படும். வலத்தமனி பருத்திருத்தலும் மற்றொரு சான்றாம்.

ஐயம் எஞ்சுமாயின், சி. டி. ஸ்கேன் தமனியின் பிறப்பிடத்தைத் தெளிவாகக் காட்டும். ஆனால் அதற்குக் கதிரும் மருந்துநீரும் வேண்டும். நுண்குழாயைச் செலுத்திப் பெருந்தமனியில் மருந்துநீரைப் பாய்ச்சும் முறையும் உண்டு. அந்நீர் முதலில் வலத்தமனியிலும், பின்னர் இடத்தமனியிலும், இறுதியில் நுரையீரல் தமனியிலும் முறையே தோன்றுமாயின் ஐயத்திற்கு இடமில்லை.

இத்துணை நுணுகி ஆராய்தல் எற்றுக்கெனின், தசைநோயும் இப்பிறழ்ச்சியும் புறத்தோற்றத்தில் ஒன்றேயாயினும், மருத்துவம் வேறாகலின் என்க. பிறழ்ந்த தமனியை எடுத்துப் பெருந்தமனியோடு இணைத்துவிடின், தளர்ந்த தசை பெரும்பாலும் திங்கள் சிலவற்றில் வலிமை பெறுகின்றது. ஆதலின், தளர்ந்த இதயத்தோடு ஒரு குழந்தை வருந்தோறும், இடத்தமனி எங்கே தோன்றுகின்றது, அதனுட் குருதி எத்திசை செல்கின்றது என்னும் இருவினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே அதனைத் தசைநோயென முடிவுசெய்தல் தகும்.