மைதானத்து ஒலிபெருக்கி: சத்தமும் சொல்லும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

விளையாட்டு விழா என்றால் கொடி, சுண்ணாம்புக் கோடு, ஒலிபெருக்கி ஆகிய மூன்றும் இல்லாமல் நடப்பதில்லை. கோடு கோணலாக இருந்தால் உடற்கல்வி ஆசிரியர் உடனே திருத்தச் சொல்வார். கொடி தலைகீழாக ஏறினால் எல்லோரும் பதறுவர். ஒலிபெருக்கி மட்டும் சத்தம் வந்தால் போதும் என்று விடப்படுகிறது. சத்தம் வருவது வேறு, சொல் புரிவது வேறு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையும், குறையைச் சரிசெய்யும் வழியையும் நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒலிபெருக்கிக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் உள்ள உறவு நூறாண்டு கடந்தது. டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சனும் அமெரிக்கரான எட்வின் பிரிதமும் உருவாக்கிய ‘மாக்னவாக்ஸ்’ ஒலிபெருக்கி 1915ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் பொதுமக்கள் முன் ஒலித்தது. 1919 செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன், சான் டியேகோ நகர விளையாட்டரங்கில் அக்கருவியின் வழியே சுமார் 50,000 பேரிடம் உரையாற்றினார். பின்னர் பால்போவா அரங்கம் என்று பெயர் பெற்ற அந்த மைதானம் ஓர் உயர்நிலைப் பள்ளியை அடுத்து அமைந்தது. அன்று நடந்தது சொற்பொழிவு. மக்கள் ஓரிடத்தில் இருந்து கேட்டனர். விளையாட்டு நாளிலோ கூட்டம் ஆரவாரித்துக்கொண்டே இருக்கும். அழைக்கப்படும் வீரர் மைதானத்தின் எந்த மூலையிலும் இருக்கலாம்.

அறிவிப்புகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். நூறு மீட்டர், இருநூறு மீட்டர், நானூறு மீட்டர், எண்ணூறு மீட்டர். எல்லாவற்றுக்கும் வால் ஒன்றே, தலைதான் வேறு. அந்த முதல் அசை காற்றில் கரைந்துவிட்டால் மிஞ்சுவது ‘நூறு மீட்டர்’ மட்டுமே. நான் பள்ளியில் படித்தபோது ஒரு போட்டியில் இதை நேரில் கண்டேன். எங்கள் ஊர் மாணவி ஒருத்தி நானூறு மீட்டர் ஓட்டத்துக்காக ஆறு மாதம் விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடிப் பழகியிருந்தாள். அவள் பெயரை மூன்று முறை அழைத்தார்கள். அவள் மறுகோடியில் வேப்பமரத்தடியில் காத்திருந்தாள். “ஏதோ நூறு மீட்டர்னுதான் அண்ணே காதுல விழுந்துச்சு” என்றாள். பட்டியலில் பெயர் அடிக்கப்பட்டுவிட்டது. அடுத்த ஆண்டு அந்த வயதுப் பிரிவை அவள் கடந்துவிட்டாள்.

இதற்குக் காரணம் என்ன? முதற்காரணம் தொலைவு. திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலிமட்டம் 6 டெசிபல் குறையும். ஒரு குழாய் ஒலிபெருக்கி 1 மீட்டரில் 110 டெசிபல் தருவதாகக் கொள்வோம். 2 மீட்டரில் 104, 4 மீட்டரில் 98 என்று இறங்கி, 128 மீட்டரில் அது 68 டெசிபல் ஆகிவிடும். எட்டுத் தடங்கள் உள்ள 400 மீட்டர் ஓடுபாதையின் நீளவாட்டு அளவு ஏறக்குறைய 177 மீட்டர். ஆகவே குழாயின் அருகில் நிற்பவர் காதைப் பொத்திக்கொள்ள, மறுகோடியில் இருப்பவர் கூட்டத்தின் கூச்சலையே கேட்கிறார்.

“இன்னும் பெரிய ஆம்ப்ளிபையர் வையுங்கள்” என்பதே வழக்கமான தீர்ப்பு. வாட் அளவை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்ற வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு வாட் தேவை. மாறாக, ஒலிபெருக்கியைக் கேட்பவருக்குப் பாதித் தொலைவில் கொண்டுவந்து வைத்தால் 6 டெசிபல் கூடும். அது நான்கு மடங்கு வாட் கூட்டியதற்குச் சமம். செலவு ஒரு கம்பமும் சிறிது கம்பியுமே.

இரண்டாவது காரணம் காலம். ஒலியின் வேகம் 30 பாகை செல்சியசில் வினாடிக்குச் சுமார் 349 மீட்டர். நான்கு மூலையிலும் குழாய் கட்டி நடுவை நோக்கித் திருப்புவது நம் வழக்கம். ஒருவர் ஒரு குழாயிலிருந்து 40 மீட்டரிலும் மற்றொன்றிலிருந்து 110 மீட்டரிலும் நிற்கிறார் என்க. வேறுபாடு 70 மீட்டர். இரண்டாவது குழாயின் ஒலி 0.2 வினாடி பிந்தி வரும். ஏறத்தாழ ஓர் அசையைச் சொல்லும் நேரம் அது. அருகிலுள்ள குழாய் ‘னூ’ என்னும்போது தொலைவிலுள்ள குழாய் ‘நா’ என்கிறது. இரண்டும் கலந்து குழம்புகின்றன.

ஜெர்மானியரான ஹெல்முட் ஹாஸ் 1949இல் இத்துறையில் முக்கியமான ஆய்வொன்றை வெளியிட்டார். சுமார் 0.03 வினாடிக்குள் பிந்தி வரும் ஒலியைக் காது தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை. முதலில் வந்த ஒலியுடன் சேர்த்துக்கொள்கிறது. 0.05 வினாடிக்கு மேற்பட்டால் பேச்சில் எதிரொலியாக உறுத்தத் தொடங்கும். அதாவது பாதை வேறுபாடு 17 மீட்டரைத் தாண்டினால் தொல்லை. இக்காலத்தில் எண்முறைக் கருவியின் உதவியால் கேட்பவருக்கு அருகிலுள்ள குழாய்க்குச் செல்லும் மின்சைகையை வேண்டிய அளவு தாமதப்படுத்தலாம். அதற்குக் குழாய்கள் யாவும் ஒரே திசையை நோக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவது காரணம் அதிர்வெண். பேச்சின் ஆற்றலில் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்களில், உயிரொலிகளில் உள்ளது. சொல்லை அடையாளம் காட்டும் மெய்யொலிகளோ ஆற்றல் குறைந்தவை. 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி அவற்றுக்கு மிக முக்கியம். கூச்சலில் முதலில் மூழ்குவது அவைதாம். பாட்டுக்காகத் தாழ்சுருதியைக் கூட்டி வைத்த அதே அமைப்பில் அறிவிப்பும் செய்வது இதனால்தான் தவறாகிறது.

நீண்ட கம்பியைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 100 வாட் அனுப்ப 3.5 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். அதையே 100 வோல்ட் இணைப்பில் அனுப்பினால் 1 ஆம்பியர் போதும். கம்பியில் ஏற்படும் இழப்பு மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்ததாதலின், அது பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைந்துவிடுகிறது. மின்வாரியம் உயர் அழுத்தத்தில் மின்சாரம் அனுப்பும் தத்துவமே இது.

ஓட்டத்தின் தொடக்கத்திலும் இதே நியாயம் உண்டு. 400 மீட்டர் ஓட்டத்தில் எட்டாம் தடத்தவர் முதல் தடத்தவரைவிட 53.03 மீட்டர் முன்னால் நிற்கிறார். நேர்க்கோட்டில் அளந்தாலும் 45 மீட்டருக்கு மேல். துப்பாக்கி முதல் தடத்தின் அருகில் வெடித்தால் எட்டாமவருக்கு ஒலி சுமார் 0.13 வினாடி பிந்திச் சேரும். 0.1 வினாடிக்குள் புறப்பட்டாலே தவறான தொடக்கம் என்று கணக்கிடும் விளையாட்டில் இது சிறிய அநீதியன்று. ஒலிம்பிக் போட்டிகளில் ஒவ்வொரு வீரருக்கும் பின்னால் ஒலிபெருக்கி வைப்பது இதற்காகவே. நம் மைதானங்களில், தொடக்க அலுவலர் எல்லாத் தடங்களுக்கும் இயன்றவரை சமதொலைவில் நின்றாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

சிறிய ஒலிபெருக்கிகள் பலவற்றைக் கூட்டத்தின் அருகில் தாழ்வாகச் சாய்த்து வைப்பதால் அக்கம்பக்கத்தாருக்கும் நன்மை உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்க இடமளிக்கின்றன. மருத்துவமனையில் கிடக்கும் நோயாளிக்கு நம் நானூறு மீட்டர் அறிவிப்பு தேவையில்லை.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விளையாட்டு விழாவுக்கு முந்திய மாலை, இயற்பியல் துறையும் உடற்கல்வித் துறையும் சேர்ந்து ஒரு சோதனை செய்யலாம். ஐம்பது பெயர்களை எழுதி ஒருவர் ஒலிவாங்கியில் வாசிக்கட்டும். பத்துப் பேர் மைதானத்தின் பத்து இடங்களில் நின்று காதில் விழுந்ததை எழுதட்டும். தாள்களை ஒப்பிட்டால் எந்த இடத்தில் பெயர் புரியவில்லை என்பது தெரிந்துவிடும். ஒலிபெருக்கியை அந்த இடத்துக்கு அருகில் நகர்த்திவிட்டு மறுபடி வாசித்துப் பார்க்கலாம். புதிய கருவி வாங்கப் பணம் கேட்பது அதன் பிறகு செய்ய வேண்டிய வேலை.