வீட்டு வளவிற் குழாய்க் கிணறு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு மாரியில் ஓடிக் கோடையில் வற்றிவிடுவது. ஆதலால் வீட்டுக் குடிநீரும், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைக்கும் நீரும் பெரும்பாலும் நிலத்தின் கீழிருந்தே எடுக்கப்படுகின்றன. துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில், இறைப்பவரின் உடல்வலியே எடுக்கும் நீருக்கு எல்லையாயிருந்தது. இன்று குழாய்க் கிணற்றை விரைவிலே துளைத்து, மின்விசையால் வேண்டியமட்டும் நீர் எடுக்கலாம். எனவே, அவ்வெல்லையைக் கமக்காரர் தாமே வகுத்துக்கொள்ளல் வேண்டும். அங்ஙனம் வகுக்கத் தவறின் அவர் கிணறு மாத்திரமன்றி, அயலவர் கிணறுகளும் உவராகும்.

நன்னீர் நிற்கும் முறை

குடாநாட்டு மண்ணின் கீழே இருப்பது வெடிப்புகளும் பொந்துகளும் நிறைந்த சுண்ணாம்புக் கல்லாகும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிமழை இக்கல்லினுள் இறங்கித் தங்குகின்றது. அதன் அடியில் நாற்புறத்திலுமிருந்து புகுந்த கடல்நீர் உண்டு. நன்னீர் பாரங் குறைந்ததாதலின் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. இது நடுவிற் பருத்தும் கரையோரத்தில் மெலிந்தும் இருக்கும். புத்தூர்ப் பகுதியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருத்தல் இதற்குக் கண்கூடான சான்றாகும்.

கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியல் விதி. உதாரணமாக, கடல்மட்டத்திலிருந்து 25 அடி உயரமான வளவொன்றில், கிணற்று நீர் கோடையில் 23 அடி ஆழத்தில் நிற்பதாகக் கொள்வோம். அங்கே நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 2 அடியே உளது. கணக்கின்படி கீழே 80 அடி நன்னீர் இருத்தல் வேண்டும். ஆயினும் இரு நீரும் சந்திக்குமிடம் கோடு கிழித்தாற்போல் இருப்பதில்லை. இடையிலே கலப்பு நீர் உண்டு. ஆதலால் அவ்வளவு முழுவதையும் நம்பித் துளைத்தல் கூடாது. மேலும், இடைவிடாது இறைத்து நீர்மட்டத்தை 1 அடி தாழ்த்தினால், அடியிலுள்ள உவர்நீர் மெல்ல மெல்ல 40 அடி வரை மேலெழ முயலும். ஒருமுறை உவர் ஏறிய கிணறு நன்னீராவதற்குப் பல மாரிகள் செல்லலாம்.

ஆழத் துளைத்தால் நல்ல நீர் கிடைக்கும் என்னும் எண்ணம் வேறு நிலங்களுக்குப் பொருந்தலாம். குடாநாட்டுக்கு அது பொருந்தாது.

துளைக்குமுன் ஆராய வேண்டியவை

1. புதுக் கிணறு வேண்டுமா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். ஐவர் வாழும் வீட்டுக்கு நாளொன்றுக்கு 750 இலீற்றர் போதியதாகும். பழைய கிணற்றைத் தூர்வாரினால் இவ்வளவு பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் 10 பேர்ச் கொண்ட ஒரு பரப்புத் தோட்டத்துக்கு 1 அங்குல நீர் பாய்ச்ச 6,400 இலீற்றர் செல்லும்; இது அவ்வீட்டுக்கு எட்டு நாட்களுக்கு மேற் போதுமான நீராகும். வீட்டுக்கெனத் துளைத்த கிணற்றைத் தோட்டத்துக்குத் திருப்புதல் கேட்டுக்கு வழியாகும்.

2. ஆவணி, புரட்டாதி மாதங்களில் அயற் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் அளந்து எழுதிக்கொள்ளல் வேண்டும். மாரியில் அளந்த அளவு ஏமாற்றும். நிலத்தடி நீர் பற்றிய ஆலோசனையை நீர்வளச் சபையிடம் பெறலாம்.

3. மலசலகூடக் குழி, மாட்டுத் தொழுவம், எருக்குவியல் ஆகியவற்றுக்கு 50 அடிக்குட் கிணறு அமைத்தல் ஆகாது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் அழுக்கை வடிகட்டாமற் கடத்துமாதலால் 100 அடி தூரம் விடுதல் நன்று.

துளைக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஒவ்வொரு 5 அடிக்கும் வெளிவரும் மண்ணையும் கற்றூளையும் தனித்தனியே எடுத்து வைத்து, ஆழத்தைக் குறித்தல் வேண்டும். நீர் கண்டபின் 5 அடிக்கொருமுறை அதன் மின்கடத்துதிறனை அளத்தல் அவசியம். அளவு ஏறத் தொடங்கினால் உடனே நிறுத்துதல் வேண்டும். வீட்டுத் தேவைக்குக் கோடை நீர்மட்டத்தின் கீழ் 10 முதல் 20 அடி வரை துளைத்தல் போதும். கூலி அடிக்கணக்கிற் பேசப்படுவதாயின், நிறுத்தும் உரிமை தம்முடையது என்பதை வேலை தொடங்குமுன்னே வீட்டுக்காரர் பேசி முடித்தல் வேண்டும்.

உவர்நீர் வந்துவிட்டால் துளையின் அடிப்பகுதியைச் சீமெந்துக் குழம்பினால் அடைத்தல் வேண்டும். திறந்து விட்ட துளை உவர்நீர் மேலேறும் பாதையாகும். கைவிட்ட துளையிற் கழிவுநீரை விடுவது அயலார் அனைவரின் குடிநீரையும் கெடுப்பதாகும்.

மேல்மண் முழுவதையும் ஊடுருவிக் கெட்டிக் கல்லினுள் சில அடி வரை பீ. வீ. சீ. குழாய் இறக்கி, அதன் வெளிப்புற இடைவெளியைச் சீமெந்தால் நிரப்புதல் வேண்டும். குழாயின் தலை நிலத்துக்கு மேல் 1½ அடி உயர்ந்து மூடியுடன் இருப்பதோடு, சுற்றிலும் வெளிச்சரிவான கொங்கிறீற்றுத் தளமும் அமைதல் வேண்டும்.

நீரைத் தூய்மை செய்தலும் சோதித்தலும்

வேலை முடிந்ததும் கலங்கல் தீரும்வரை இறைத்து, வெளிற்றுந் தூள் இடுதல் வேண்டும். 6 அங்குலத் துளையில் ஓரடி நீர் ஏறக்குறைய 5½ இலீற்றர். 20 அடி நீர் 110 இலீற்றர் ஆகும். இதற்கு நூற்றுக்கு முப்பது பங்கு குளோரீன் உள்ள தூள் 20 கிராம் போதும். அதை வாளியிற் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றி, 12 மணி நேரம் விட்டு, மணம் நீங்கும்வரை இறைத்துக் கழித்தல் வேண்டும். கழிக்கும் நீரைப் பயிருக்கு விடுதல் கூடாது.

பின்னர் கிருமிக்கும் நைத்திரேற்றுக்கும் நீரைச் சோதிப்பித்தல் வேண்டும். தோட்டத்தில் மிகையாக இடும் யூரியாவும் எருவும் நைத்திரேற்றாகிக் கிணற்றை அடைகின்றன. ஓர் இலீற்றர் குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. மேற்பட்ட நீரிற் பாற்பொடி கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்குந் திறனை இழந்து, உடல் நீலம்பாரிக்கும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். கொதிக்க வைத்தல் கிருமியைக் கொல்லுமேயன்றி நைத்திரேற்றை நீக்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

பயிருக்கு இறைக்கும் நீரின் மின்கடத்துதிறன் சதமமீற்றருக்கு எத்தனை மைக்கிரோசீமன் வரை இருந்தால் விளைவு குறையாது என்பது வருமாறு: போஞ்சி 700, வெங்காயம் 800, மிளகாய் 1,000, தக்காளி 1,700, நெல் 2,000. உவர் ஏறும்போது முதலில் வாடுவன போஞ்சியும் வெங்காயமுமே.

எடுத்தலும் கொடுத்தலும்

சிறு விசையுள்ள பம்பியைப் பொருத்திச் சிறிது சிறிதாக இறைத்துத் தொட்டியை நிரப்புதல் நன்று. பம்பியைத் துளையின் அடியில் இருத்தலாகாது. 1,000 சதுர அடிக் கூரையில் 1 அங்குல மழை பெய்தால் 2,300 இலீற்றருக்கு மேல் நீர் சேரும். முதல் மழையைக் கழித்துவிட்டுப் பின்வரும் நீரை மணலும் சல்லியும் இட்ட குழியில் இறக்கினால், எடுத்ததில் ஒரு பங்கு நிலத்துக்கு மீளும். ஊர்க் குளங்களையும் கேணிகளையும் தூர்வாரி வைத்தலும் இவ்வகைப் பயனைத் தரும்.

குடாநாட்டுக் காணி உறுதிகளிற் கிணற்றுப் பங்கு எழுதுவதும், பங்காளர் முறைவைத்து இறைப்பதும் நெடுங்கால வழக்கம். கிணறு தனியாருக்கு உரியதாயினும், அடியிலுள்ள நீர் பிரிக்கப்படாத பங்காகவே உள்ளது. ஆகவே கிணற்று நீரின் மட்டத்தையும் உவரையும் மாதம் ஒருமுறை அளந்து கொப்பியிற் குறித்து, உவர் ஏறக்கண்டால் இறைப்பைக் குறைத்து அயலவருக்கும் அறிவித்தல் ஒவ்வொரு கமக்காரரின் கடனாகும்.